கூடு விட்டுக் கூடு பாயும் ஆட்டங்கள்

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ ஆட்டத்தில் ஸ்கிம்மர் என்றொரு குட்டி விமானம் உண்டு. தண்ணீரில் இறங்கும், தண்ணீரிலிருந்தே கிளம்பும். 2005-ல் கணினிக்கு வந்த அந்த ஆட்டத்தை ஏறக்குறைய 20 ஆண்டுகளாக ஆடியவர்களுக்கு அந்த விமானத்தால் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. 2024-ல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வெளியானது. அதை ஏற்றிக்கொண்டவர்களின் ஆட்டத்தில் ஸ்கிம்மரைக் காணோம். குறுக்கு வழியில் வரவழைத்து ஏறி உட்கார்ந்தால், ஆள் கண்ணுக்கெட்டாத உயரத்துக்குத் தூக்கி எறியப்பட்டார். ஆட்டத்தின் கோப்புகளில் ஒரு பைட்கூட மாறியிருக்கவில்லை.

அந்த ஆட்டத்தின் பிழைகளைத் திருத்துவதையே பொழுதுபோக்காகக் கொண்ட நிரலாளர் ஒருவர் 2025-ல் காரணத்தைத் தோண்டி எடுத்தார். வண்டிகளின் விவரம் அடங்கிய பட்டியலில், ஸ்கிம்மருக்குரிய வரியில் சக்கர அளவுகள் விடுபட்டிருந்தன. முந்தைய ஆட்டமான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகுக் கணக்கில் இருந்தது. படகுக்கு ஏது சக்கரம்? எண் இல்லாத இடத்தில் நிரல் என்ன செய்யும்? அதற்கென்று ஒதுக்கிய நினைவகத்தில் ஏற்கெனவே என்ன கிடக்கிறதோ, அதையே எண்ணாக எடுத்துக்கொள்ளும். அங்கே கிடந்தது, சற்று முன் படிக்கப்பட்ட ஒரு வேனின் சக்கர அளவு. இரண்டு வரிகளுக்கும் நடுவே ஓடிய விண்டோஸின் உள்வேலைகள் எதுவும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. 24எச்2-இல் அந்த உள்வேலைகளில் ஒன்று கொஞ்சம் கூடுதலாக இடம் எடுத்துக்கொண்டது. வேனின் சக்கரம் அழிந்தது, குப்பை எண் ஒன்று வந்து உட்கார்ந்தது.

ஆக, 20 ஆண்டுகளாக அந்த விமானம் பறந்தது விண்டோஸின் ஒரு மூலையில் யாரும் கூட்டிப் பெருக்காமல் விட்ட புண்ணியத்தில்.

அப்படியானால் ஆட்டம் என்பது எது? வட்டில் இருக்கும் கோப்பா, கோப்பு ஓடுகிற இயந்திரமா, இரண்டும் சேர்ந்தபின் திரையில் நடப்பதா? உடம்பு மாறியபின் உள்ளே இருப்பது அதே ஆள்தானா என்று இந்தியத் தத்துவம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. பழைய வீட்டுக் கணினிகளில் ஓர் ஆட்டத்தை ஓட வைப்பதற்காக இரவெல்லாம் மல்லுக்கட்டியவர்கள், தங்களை அறியாமலே அந்த வழக்குக்கு நல்ல சாட்சியங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சில்லுக்கு 1 எம்பி வரைதான் கண் தெரியும். அதில் 640 கேபி நிரல்களுக்கு, மீதி 384 கேபி திரைக்கும் ரோமுக்கும் என்று பங்கு பிரித்தார்கள். பத்தாண்டு கழித்து வீட்டுக் கணினியில் 4 எம்பி, 8 எம்பி என்று வசதி பெருகிய பிறகும் டாஸ் என்ற இயக்க முறைமை அந்த 640-க்குள்ளேயேதான் குடித்தனம் நடத்தியது. மவுஸ் டிரைவருக்குக் கொஞ்சம், சிடி டிரைவருக்குக் கொஞ்சம், டாஸ் தனக்கென்று கொஞ்சம். போக மிச்சம்தான் ஆட்டத்துக்கு. 8 எம்பி போட்ட புத்தம்புதுப் பெட்டி, ‘நினைவகம் போதவில்லை’ என்று கையை விரிக்கும்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த ஆரிஜின் நிறுவனத்தின் இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளலாம். 1990-ல் வந்த ‘விங் கமாண்டர்’ விண்வெளிச் சண்டை. இஎம்எம்386 என்ற நினைவக மேலாளரை ஏற்றி, 640-க்கு அப்பால் இருப்பதை அது கேட்கிறபடி கொடுத்தால் கூடுதல் காட்சிகள் வரும். விமானியின் கை கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்து அசைப்பது தெரியும். கொடுக்காவிட்டால் ஆட்டம் ஓடும், கை இருக்காது. 1992-ல் வந்த ‘அல்டிமா 7’ நேர் எதிர். அது ‘வூடூ’ என்று பெயரிட்ட தன் சொந்த நினைவக மேலாளரோடு வந்தது. இஎம்எம்386 நினைவகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அடியெடுத்து வைக்காது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு உயிரான மருந்து மற்றதற்கு விஷம்.

ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டையும் எப்படி ஆடுவது? ஆட்டத்துக்கு ஒரு பூட் ஃபிளாப்பி. ஒவ்வொன்றிலும் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு சின்னக் கோப்புகள் வேறு வேறாக எழுதப்பட்டிருக்கும். விங் கமாண்டருக்கு ஒன்றைச் செருகிக் கணினியை எழுப்ப வேண்டும்; அல்டிமாவுக்கு அணைத்துவிட்டு இன்னொன்று. 1993-ல் வந்த எம்எஸ்-டாஸ் 6, பட்டியல் காட்டி ‘எந்தப் பிறவி வேண்டும்?’ என்று கேட்கிற ஏற்பாட்டைக் கான்ஃபிக்.சிஸ்ஸுக்குள்ளேயே கொடுத்தது. பெட்டி அதேதான். எழும்போதெல்லாம் வேறு ஆளாக எழுந்தது.

சைவ சித்தாந்தம் இங்கே கைகொடுக்கிறது. உயிர் வெறுமனே இருந்தால் எதையும் நுகர முடியாது. அதற்குத் தனு, கரணம், புவனம், போகம் நான்கும் வேண்டும் என்கிறது அது. உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சிப் பொருள்கள். நான்கும் மாயையிலிருந்து வருபவை. ஆட்டத்தை இன்ஸ்டால் செய்கிறவர் செய்வதும் ஏறத்தாழ இதுதான். சில்லும் நினைவகமும் உடம்பு, டிரைவர்கள் கருவிகள், டாஸோ விண்டோஸோ உலகம். இவற்றில் ஒன்று பிசகினாலும் நுகர்ச்சி இல்லை, கறுப்புத் திரைதான்.

எது பிசகியது என்று கண்டுபிடிக்கிற முறையும் பழையதுதான். கான்ஃபிக்.சிஸ்ஸில் சந்தேகப்படுகிற வரிக்கு முன்னால் ‘ரெம்’ என்று மூன்றெழுத்துப் போட்டால் அந்த வரி செத்த வரி. மறுபடி கணினியை எழுப்ப வேண்டும். கோளாறு போய்விட்டதா? ரெம்மை எடுத்துவிட்டு இன்னொரு தடவை எழுப்ப வேண்டும். கோளாறு திரும்பி வருகிறதா? வந்தால் ஆள் அகப்பட்டான். இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்ற இந்த இரட்டைச் சோதனையை அன்வயம், வெதிரேகம் என்பார்கள் தருக்க நூலார். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள், புகையையும் நெருப்பையும் அடுக்களையையும் காட்டி இதையெல்லாம் மணிமேகலைக்குப் பாடமாக நடத்துகிறார்.

ஸ்கிம்மர் கதை இந்த முறையின் ஓட்டையையும் காட்டிவிடுகிறது. 20 ஆண்டுகள், உலகம் முழுக்க, விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து 11 வரை, எங்கே வைத்துப் பார்த்தாலும் விமானம் பறந்தது. இதைவிடப் பெரிய அன்வயம் வேண்டுமா? ஆனாலும் அதிலிருந்து ‘ஆட்டம் சரியாக இருக்கிறது’ என்று எடுத்த முடிவு பொய். எல்லா இடத்திலும் கூடவே இருந்த ஒன்றை யாரும் விலக்கிப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று கூட இருக்கிறதென்றே தெரியாதபோது எதன் முன்னால் ரெம் போடுவது?

விங் கமாண்டரை எழுதியவர்களுக்கே இந்தத் திண்டாட்டம் வந்தது. ஆட்டத்தை மூடும்போது நினைவக மேலாளர் ஒரு பிழைச் செய்தியைக் கக்கியது. காரணம் பிடிபடவில்லை, வெளியிட வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. கடைசியில் மேலாளர் கோப்புக்குள் புகுந்து, பிழைச் செய்தியின் எழுத்துகளையே மாற்றி ‘விங் கமாண்டர் ஆடியதற்கு நன்றி’ என்று வைத்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் மனம் நெகிழ்ந்தார்களோ.

உடம்பு வேறு உயிர் வேறு என்பவர்களுக்குக் கைக்கு எளிதாகக் கிடைக்கும் உருவகம் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் பழைய துணி. நைந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை உடுத்துவதுபோல ஆன்மா உடல் மாறுகிறது. கோப்புக்கும் இது கச்சிதமாகப் பொருந்துவதாகவே முதலில் தோன்றும். ஃபிளாப்பியிலிருந்து வன்தட்டு, அதிலிருந்து சிடி, சிடியிலிருந்து விரல் நீளப் பென் டிரைவ். ஒரு பிட் பிசகாமல் நகலெடுக்கலாம். துணி மாறியது, உள்ளே இருப்பவர் அவரேதான்.

1980-களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஆட்டம் ஒன்றைப் பத்து வருஷம் கழித்து வந்த 486 கணினியில் போட்டுப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐபிஎம் பிசியின் சில்லு நொடிக்கு 47.7 லட்சம் துடிப்பு, அதாவது 4.77 மெகாஹெர்ட்ஸ். பல ஆட்டங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. சில்லு ஓடுகிற வேகமே அவற்றுக்குக் காலம். வேகமான சில்லில் அதே கோப்பு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எதிரிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆட்டக்காரரைக் கொன்று, ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிடும். இதற்காகவே அன்றைய பெட்டிகளின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருந்தது. பெயர் என்னவோ வேகத்தைச் சொன்னாலும், அதன் உண்மையான பயன் வேகத்தைக் குறைப்பது. பக்கத்தில் இரண்டு இலக்கத்தில் மெகாஹெர்ட்ஸ் ஒளிரும். பொத்தானை அழுத்தினால் அந்த எண் 66-லிருந்து சடாரென்று இறங்கும். அந்த எண்ணை யாரும் அளக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பலகையின் பின்னால் ஜம்பர்களை எப்படிச் செருகியிருக்கிறார்களோ அதைத்தான் அது காட்டும். கடைக்காரர் நினைத்தால் 99 என்று வைத்திருக்கலாம்.

இன்னும் விபரீதமான ஒன்று உண்டு. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்களில் ஒரு பகுதி, தொடங்கியவுடன் முதல் வேலையாகச் சில்லின் வேகத்தை எடைபோடும். 55 மில்லிநொடியில் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, 55-ஆல் வகுத்து, விடையை 16 பிட் இடத்துக்குள் வைக்கும். 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சில்லுகள் வந்தபோது விடை அந்த இடத்துக்குள் அடங்கவில்லை. ‘ரன்டைம் எரர் 200’, சுழியால் வகுத்த குற்றம். யாரும் சுழியால் வகுக்கவில்லை. உலகம் எதிர்பார்த்ததைவிட வேகமாக இருந்தது, அவ்வளவுதான். நிரலின் முதல் காட்சி திரைக்கு வருவதற்குள்ளேயே உயிர் போய்விட்டது. எந்தச் சட்டையைப் போட்டாலும் பிழைக்கிறவரை வேண்டுமானால் துணி உருவகத்தால் விளக்கலாம். சட்டை புதிதாக இருந்ததற்காகச் செத்துப்போகிறவரை எப்படி விளக்குவது?

மறு கோடியில் நாகசேனர் நிற்கிறார். கிரேக்க வழி வந்த மிலிந்த மன்னன் தேரில் வந்திறங்கியதும், ‘அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா?’ என்று அடுக்கிக்கொண்டே போய், எதுவுமே தேர் இல்லை, எல்லாம் கூடிய இடத்தில் புழங்கும் பெயர்தான் தேர் என்று முடிக்கிறார் அந்தப் பௌத்தத் துறவி. இரவெல்லாம் எரிகிற விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் அதுவும் இல்லை, வேறும் இல்லை என்பது அவர் சொல்லும் இன்னொரு விளக்கம். இது கணினிக்காரர்களின் அனுபவத்துக்கு இன்னும் நெருக்கம். ‘சிம்சிட்டி’யின் கதையைப் பாருங்கள். விண்டோஸ் 3-இல் ஓடிய அந்த ஆட்டம், வேலை முடிந்து திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி எட்டிப் பார்க்கும். காலி செய்த வீட்டின் பழைய சாவியை வைத்துக்கொண்டு உள்ளே போய் வருவது மாதிரி. விண்டோஸ் 3-இல் அங்கே வேறு யாரும் குடிவராததால் வண்டி ஓடியது. விண்டோஸ் 95-இல் ஓடவில்லை. மைக்ரோசாஃப்ட்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதை மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி பதிவுசெய்திருக்கிறார். ஓடுவது சிம்சிட்டிதானா என்று விண்டோஸ் பார்க்கும். ஆம் என்றால், திருப்பிக் கொடுத்த நினைவகத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும். குற்றம் செய்தது ஒருவர், விரதம் இருந்தது இன்னொருவர். வாங்கியவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் மேசையில் ஓடிய சிம்சிட்டியில் எவ்வளவு சிம்சிட்டியினுடையது, எவ்வளவு விண்டோஸினுடையது என்று கோடு கிழிக்கச் சொன்னால், நாகசேனர் சிரிப்பார்.

ஆனாலும் எல்லாம் வெறும் பெயர்தான் என்று அவரோடு சேர்ந்து எழுந்து போய்விட முடியாது. காரணம், டூம்.

1993 டிசம்பர் 10-ஆம் தேதி ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூமைத் திறந்துவிட்டு எந்த விசையையும் தொடாமல் இருந்தால், சிறிது நேரத்தில் ஆட்டம் தானே ஆடிக் காட்டத் தொடங்கும். நடைபாதை, கதவு, துப்பாக்கி, விழுகிற அரக்கன். பார்ப்பதற்கு வீடியோ மாதிரி இருக்கும். உள்ளே ஒரு படம்கூடக் கிடையாது. கோப்பில் இருப்பது, யாரோ முன்பு ஆடியபோது அழுத்திய விசைகளின் கணக்கு மட்டும். நொடிக்கு 35 தடவை, தடவைக்கு 4 பைட்: முன்பின் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தான். அரக்கன் எங்கே நிற்கிறான் என்பது எழுதப்படவே இல்லை. அதை இயந்திரம் ஒவ்வொரு முறையும் புதிதாக வாழ்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கு என்று நாம் நினைப்பதும் அங்கே 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான அட்டவணை. வரிசையாக எடுத்துக்கொண்டே போகும், தீர்ந்தால் முதலிலிருந்து. எல்லா வினைகளும் அதே வரிசையில் நடந்தால் எல்லாப் பயன்களும் அதே வரிசையில் வரும். கர்மக் கொள்கை இவ்வளவு கறாராக வேறெங்கும் நிறைவேறியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தப் பதிவை வேறொரு டூமில் ஓட்டும்போது விஷயம் வெளிவருகிறது. 1997 டிசம்பரில் டூமின் மூலநிரல் வெளியான பிறகு, பலர் அதைத் திருத்திப் புதிய இயந்திரங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிழை களைந்தார்கள், மெருகேற்றினார்கள். பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும். பழைய பதிவை அதில் போட்டால் முதல் அரை நிமிடம் ஒழுங்காகப் போகும். எங்கோ ஒரு திருத்தத்தால் அட்டவணையிலிருந்து ஓர் எண் கூடுதலாக எடுக்கப்பட்டிருக்கும். ஓர் அரக்கன் இடப்பக்கம் திரும்புவதற்குப் பதில் வலப்பக்கம் திரும்புவான். ஆட்டக்காரரின் கைகளோ பழைய கணக்கின்படியே இயங்கும். யாரும் இல்லாத இடத்தில் சுடுவார், மூடிய கதவில் முட்டுவார், சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருப்பார். விதி ஓர் உலகத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது, அவர் நிற்பது வேறொன்றில்.

ஆகவே ‘அதே ஆட்டம்’ என்பதற்கு ஒரு தேர்வு உண்டு, அதில் தோற்கவும் முடியும். 2005-ல் தொடங்கிய ‘சாக்லேட் டூம்’ இந்தத் தேர்வுக்கென்றே வளர்ந்தது. அசலின் பிழைகளை அது பொறுக்கி எடுத்துப் பத்திரப்படுத்துகிறது. ஒரு காட்சியில் தளங்கள் அளவுக்கு மீறினால் அசல் டூம் நிலைகுலைந்து நின்றுவிடும். சாக்லேட் டூமும் அதே இடத்தில் நிற்கும். இன்றைய கணினிக்கு அந்த வரம்பு கால்தூசு. இருந்தும் வைத்திருக்கிறார்கள். டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் இன்னும் ஒருபடி கீழே இறங்கி, உடம்பையே பாவனையாகக் கட்டுகிறது. ஆட்டம் 220 என்ற முகவரியில் ‘சவுண்ட் பிளாஸ்டர் இருக்கிறீரா?’ என்று குரல் கொடுக்கும். அட்டையே இல்லாத மடிக்கணினியிலிருந்து ‘இருக்கிறேன்’ என்று பதில் வரும். சில்லின் வேகத்தையும் அதில் இழுத்துப் பிடிக்கலாம். டர்போ பொத்தானின் வேலை இப்போது ஒரு கோப்பில் எழுதும் எண்ணாகிவிட்டது.

மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் சிவஞான போதத்தை அமைத்தார். அதை ஒட்டி வளர்ந்த மரபில் உயிருக்கு ஒரு சிறப்பிலக்கணம் சொல்வார்கள்: சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கு பக்கத்தில் இருக்கும் நிறத்தை வாங்கிக்கொள்வதுபோல, உயிர் எதைச் சேர்கிறதோ அதன் தன்மையாகவே நிற்கும். துணியைவிடவும் தேரைவிடவும் இது பழைய ஆட்டங்களின் நடப்புக்கு நெருங்கி வருகிறது. உள்ளே ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே இருப்பது சூழலால் தீண்டப்படாதது என்றும் சொல்லவில்லை. விமானத்தின் சக்கரம் வேனிடமிருந்து வந்தது, எதிரியின் வேகம் சில்லிடமிருந்து, விமானியின் கை இஎம்எம்386 இடமிருந்து. அப்படியும் டூமின் பதிவு ஒரு டூமை ஏற்கும், மற்றொன்றை நிராகரிக்கும்.

ஒரு சித்தாந்தப் புலவரிடம் இந்த ஒப்பீட்டைக் கொண்டுபோனால் அவர் ஒரே வீச்சில் வெட்டிவிடுவார் என்பதையும் சொல்ல வேண்டும். உயிர் அறிவுடைய பொருள், கோப்பு சடம். சடத்தோடு சடம் சேர்ந்தால் கிடைப்பதும் சடமே, அதில் வண்ணமாவது யார்? நியாயமான வெட்டு. பைட்டுக்குத் தான் எந்தக் கணினியில் இருக்கிறோம் என்ற கவலை இல்லை. வண்ணம் ஏறுவது உட்கார்ந்து ஆடுகிறவருக்குத்தான். டர்போவை அழுத்தி, வேகத்தைக் குறைத்து, ‘ஆங், இப்பதான் சரியா இருக்கு’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் கோப்பை எதோடும் ஒப்பிடவில்லை. முன்பு ஆடியபோது தான் என்னவாக இருந்தோம் என்பதோடுதான் ஒப்பிடுகிறார். அந்த அளவில் சித்தாந்தி சொல்வது சரி, ஒப்பீடும் பிழைத்துக்கொள்கிறது.

ஒருவர் மட்டும் ஆடும்வரை இதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது. டூமை நான்கு பேர் வரை நான்கு கணினிகளைக் கம்பியால் இணைத்து ஆடலாம், அப்போது சிக்கல் கூடுகிறது. ஒரே மாளிகையில் நால்வரும் ஓடுவதாகத் தோன்றினாலும் அப்படி ஒரு பொது மாளிகை எங்கும் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் உலகத்தைத் தானே நடத்துகிறது. கம்பி வழியாகப் போவது விசைக் கணக்கு மட்டும். உலகங்கள் பிரிந்துவிடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க, கூடவே ஒரு சின்ன எண்ணும் போகும்: ஆட்டக்காரர் நிற்கும் இடத்தின் ஓர் அளவு. உன் கணக்கில் நான் இங்கே நிற்கிறேன், என் கணக்கிலும் அப்படித்தானா?

பதிப்பு வேறாக இருந்தால் டூம் வாசலிலேயே நிறுத்திவிடும். கட்டங்களின் கோப்பை ஒருவர் திருத்தி வைத்திருந்தால் அது வாசலில் தெரியாது. எல்லோரும் உள்ளே போவார்கள், ஓடுவார்கள், ஒருவர் பெட்டியில் மட்டும் இருக்கும் ஒரு சுவரில் யாராவது மோதுவார்கள். எண்கள் இரண்டு ஒத்துவராது. ‘கன்சிஸ்டன்ஸி ஃபெயிலியர்’ என்று ஒரு வரி, இது இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்கிறது என்று இரண்டு எண்கள், ஆட்டம் நின்றுவிடும். எந்தப் பெட்டியின் உலகம் சரி என்று அந்த வரியில் இருக்காது. டூமுக்கு அது தெரியவும் தெரியாது. எல்லோரும் டாஸுக்குத் திரும்பி, ஆளுக்கொரு முறை ‘டிர்’ என்ற பட்டியல் கட்டளையைத் தட்டி, கட்டங்கள் அடங்கிய டூம்.வாட் கோப்பு யாரிடம் எத்தனை பைட் இருக்கிறது என்று உரக்கப் படித்து ஒப்பிட வேண்டியதுதான்.